துண்டுக்குப் பின்னால் இருந்த வரி

தம்பி,

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலருக்கு வழக்கம்போல ஒரு நகைச்சுவைக் கட்டுரை வேண்டும், நாலு பக்கத்துக்கு மிகாமல், குடும்பத்தோடு படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று செயலாளர் போன வாரம் போன் செய்தார். சரி என்று சொல்லிவிட்டு உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இது நாலு பக்கத்தில் அடங்காது. சிரிப்பும் அவர் எதிர்பார்க்கிற இடத்தில் வராது. தனியாக எழுதித் தபாலில் போட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். போட்டால் பிரிக்க மாட்டாய். போனில் நான் 'கண்' என்று ஆரம்பித்தாலே 'மீட்டிங் இருக்குப்பா' என்று வைத்துவிடுகிறாய், ஞாயிற்றுக்கிழமைகூட. ஆனால் சங்க மலரில் ஒன்றை அச்சேற்றிவிட்டால் அது மறுநாளே நீ இருக்கிற பூனாவுக்கு வந்து சேர்ந்துவிடும். இங்கே கல்கத்தாவில், பவானிபூரில் நான் தும்மினால் டாலிகஞ்சில் கஷாயம் வைக்கிற சனங்கள் நம்முடையவர்கள். 'உங்க அப்பா உன்னைப் பத்தி என்னமோ எழுதியிருக்காரேப்பா' என்று பத்துப் பேராவது உன்னைக் கூப்பிடுவார்கள். வெட்கத்துக்காகவாவது படிப்பாய். உன்னுடையது எழுத்துக்கூட்டிப் படிக்கிற தமிழ். மெதுவாகப் படி. முடியாவிட்டால் அம்மாவைப் போனில் படிக்கச் சொல். நான் எங்கெங்கே கதை விடுகிறேன் என்று அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்வாள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிமிக்கு வலது கண்ணில் பார்வை சரியில்லை என்று நினைக்கிறேன். உன் மகளுக்கு இப்போது மூன்றரை வயது. இப்போது காட்டினால் சரிசெய்ய வாய்ப்பு அதிகம், தள்ளத் தள்ளக் குறையும் என்று கண் டாக்டர் சொல்கிறார். இதை உன்னிடம் சொல்ல உலகத்திலேயே யோக்கியதை இல்லாத ஆள் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்கிறேன், ஏனென்றால் வேறு யாருக்கும் அது கண்ணில் படவில்லை. எனக்கு மட்டும் ஏன் பட்டது என்றால், திருடனுக்குத்தான் பூட்டின் அருமை தெரியும்.

என் இடது கண் பிறவியிலிருந்தே மந்தம். இருபத்து நாலு வயதுவரை எனக்கே அது தெரியாது. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு திரிகிறவனுக்கு எந்தக் கண் வேலை செய்கிறது, எது சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறது என்று எப்படித் தெரியும்? கிடர்பூர் கப்பல் டாக்கில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தேன். கண் பரிசோதனைக்கு வரிசை. எனக்கு முன்னால் ஏழு பேர். ஒவ்வொருவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் தொங்கிய சார்ட்டை உரக்கப் படித்தார்கள். நானும் வரிசையில் நின்றபடி விளையாட்டாக வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். சார்ட்டில் முதல் எழுத்து மட்டும் நின்றது. மற்றதெல்லாம் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி வழிந்து போயிருந்தது. ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனால் காது நன்றாக இருந்தது. ஏழு பேர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, என் முறை வந்தபோது கடைசி வரிவரை கடகடவென்று சொல்லிவிட்டேன். அங்கே இருந்த கம்பவுண்டர் விவரமான ஆள். வெளியே வரும்போது தோளில் தட்டி, 'வருஷா வருஷம் உண்டு. மறந்துராதே' என்றார்.

மறக்காமல் இருக்கத்தான் அந்தச் சார்ட். காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து வரைந்து, நம் படுக்கையறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினேன். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்தது. மெடிக்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, நாலு தப்படி தள்ளி நின்று, வலது கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். மற்ற வீட்டு ஆண்கள் விளக்கேற்றுகிற நேரத்தில் சாமிப் பாட்டுச் சொன்னார்கள், நான் ஆங்கில எழுத்துச் சொன்னேன். ஒரு கண்ணை நம்பி வாழ்கிறவனுக்குத் தூரம் சட்டென்று பிடிபடாது. எண்பது அடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, கீழே நின்று கை காட்டுகிறவரை நம்பித்தான் நான் கிரேன் ஓட்டினேன். முப்பது வருஷத்துக்கு மேல் யார் தலையிலும் எதுவும் விழவில்லை. அதை என் திறமை என்று சங்கத்தில் பல தடவை அளந்திருக்கிறேன். திறமை இல்லை தம்பி, கீழே நின்றவர்களின் ஆயுசு கெட்டி.

நீ தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அதைக் கேட்டாய். நம் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் பிள்ளையை நடு அறையில் நிறுத்தி எதையாவது ஒப்பிக்கச் சொல்லாமல் காபி கொடுக்க மாட்டோம். கல்கத்தாவில் வளர்ந்தாலும் எங்கள் பிள்ளை தமிழை விடவில்லை என்று காட்ட வேண்டுமே. மற்ற வீட்டுப் பிள்ளைகள் செய்யுள் சொல்லும், பாட்டுப் பாடும். உனக்குத் தமிழ்ச் செய்யுள் இரண்டாவது வரியில் வங்காளத்துக்குத் தாவிவிடும். ஒருநாள் உன் அத்தை வந்திருந்தபோது, 'ஏதாவது சொல்லுல மருமவனே' என்றதும், நீ விறைப்பாக நின்று, ஒரு உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தாய். 'ஈ... எஃப் பி... டி ஓ இஸட்... எல் பி ஈ டி...' உனக்கு நாலு வயது. அத்தைக்குப் புரையேறிவிட்டது. கீழ்வீட்டு வங்காளி மாமி, நம் காகிமா, கை தட்டி, 'டாக்தார் ஹோபே! உங்க பிள்ளை கண் டாக்டராகும் பாருங்க!' என்றாள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் அதுதான் உன் பாட்டு. கண்ணைப் பொத்த வேண்டும், சொல்ல வேண்டும், எல்லோரும் சிரிப்பார்கள், பிஸ்கட் கிடைக்கும். கண்ணைப் பொத்துவது எதற்கு என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. சாமி கும்பிடும்போது கை கூப்புகிற மாதிரி அதுவும் ஒரு முத்திரை என்று நினைத்திருப்பாய்.

இரண்டாம் வகுப்பில் உன் மிஸ் டைரியில் எழுதி அனுப்பினாள், பையன் போர்டைப் பார்க்கும்போது தலையைச் சாய்க்கிறான், கண்ணைக் காட்டுங்கள் என்று. டைரியைப் படித்ததும் மூடி வைத்தேன். அம்மா, 'நாளைக்கே கூட்டிட்டுப் போங்க, பக்கத்துலதான டாக்டர் இருக்காரு' என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'வீட்ல சார்ட்டை வச்சுக்கிட்டு எதுக்குடி டாக்டரு? டெஸ்ட்டுல என்ன இருக்கு, நான் பாக்காத டெஸ்ட்டா?' உன்னை நாலு தப்படி தள்ளி நிறுத்தினேன். ஒரு கண்ணை மூடு, படி. மற்றதை மூடு, படி. இரண்டு கண்ணிலும் கடைசி வரிவரை, ஒரு எழுத்துப் பிசகாமல், பரேடில் நிற்கிற சிப்பாய் மாதிரி சொன்னாய். 'பாத்தியா? என் புள்ளைக்கு என்ன குறை' என்றேன்.

அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'என்னங்க' என்றாள்.

'என்ன?'

'உங்க துண்டு தொங்குதே. கீழ ரெண்டு வரியும் துண்டுக்குப் பின்னால இருக்கு. எப்படிப் படிச்சான்?'

கதவு ஆணியில் நான் குளித்துவிட்டுப் போட்ட ஈரத்துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. சார்ட்டின் அடிவரிகளை முழுக்க மறைத்துக்கொண்டு. நானும் பார்த்தேன். அந்த நிமிஷத்தை நான் இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை. எனக்குப் புரிந்தது, தம்பி. அப்போதே, அந்த இடத்திலேயே புரிந்தது. நீ படிக்கவில்லை, ஒப்பித்தாய் என்று தெரிந்தது. உன்னை டாக்டரிடம் கூட்டிப்போனால், 'குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா' என்று கேட்பார், நான் வாயைத் திறக்க வேண்டும், அது எப்படியாவது கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் என் வாய் அதற்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. 'எக்ஸ்ரே கண்ணுடி என் புள்ளைக்கு!' என்றேன். நீ குதித்தாய். அம்மாவும் சிரித்துவிட்டாள். முக்குக் கடைக்குப் போய் சந்தேஷ் இனிப்பு வாங்கிவந்தேன். உனக்கு மூன்று கொடுத்தேன். டைரியில் 'வீட்டிலேயே பரிசோதித்துவிட்டோம், பார்வை நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் வைக்கிற பரீட்சையில் இது ஒரு சௌகரியம். கேள்வித்தாள் தயாரிப்பதும் நாமே, எழுதுவதும் நாமே, திருத்துவதும் நாமே. இதில் தோற்றவன் கிடையாது.

அடுத்த பத்து வருஷம் நீ என்னோடு கிடர்பூருக்கு வந்து கப்பல் பார்த்தாய். எந்தக் கொடி எந்த நாடு என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாய். பள்ளிக்கூடம் முடித்ததும் கப்பல் படிப்புக்கு எழுதினாய், எழுத்துத் தேர்வில் தேறினாய். மெடிக்கல் என்றதும் எனக்கு வேர்த்தது. உனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நீதான் எக்ஸ்ரே கண்ணனாயிற்றே. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கதவு பாதி திறந்திருந்தது. வலது கண்ணில் கடைசி வரிவரை படித்தாய். அடுத்தது இடது கண். ஒரு எழுத்துச் சொன்னாய். நிறுத்தினாய். பிறகு உன் வாய் தானாகப் போனது, 'எஃப் பி... டி ஓ...' அந்தச் சுவரில் தொங்கியது வேறு சார்ட். அந்த டாக்டரம்மா கேலியாகக்கூடக் கேட்கவில்லை, அன்பாகத்தான் கேட்டாள்: 'கோன் சார்ட் போர்ச்சோ, பாபா?' எந்தச் சார்ட்டைப் படிக்கிறாய் அப்பா என்று. என் சார்ட்டைத்தான் படித்தாய்.

என்னை உள்ளே கூப்பிட்டாள். கண்ணில் நோயில்லை, கண்ணாடி போட்டாலும் வராது, சின்ன வயதிலேயே மூளை அந்தக் கண் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிட்டது, அதற்குச் சோம்பேறிக் கண் என்று பெயர், சீக்கிரம் பிடித்திருந்தால் நல்ல கண்ணுக்கு ஒட்டுப் போட்டு மூடி, மந்தக் கண்ணை வேலை வாங்கியிருக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். 'சோட்டோபேலாய் தேகான் நி கேனோ?' என்றாள். சின்ன வயதில் ஏன் காட்டவில்லை? நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டாள். 'நா, நா. காரோ நேய்' என்றேன். யாருக்கும் இல்லை. என் இடது கண்ணும் அப்போது அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நீ வலது கண்ணை மூடுவதும் இடது கண்ணை மூடுவதுமாக, வழியிலிருந்த விளம்பரப் பலகைகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாய். பதினேழு வருஷத்தில் அன்றைக்குத்தான் உன் கண்ணை நீயே முதல் தடவையாகச் சோதித்தாய். அதுதான் நம் வீட்டில் நடந்த ஒரே நேர்மையான சோதனை.

இதோடு நின்றிருந்தால் கோழை என்று விட்டுவிடலாம். நான் அதற்கு மேலே போனேன். 'ஏன் உங்க பையன் கப்பலுக்குப் போகல?' என்று சங்கத்தில் துருவினார்கள். உனக்குத்தான் தெரியுமே, நம்மவர்களிடம் காரணம் ஒன்று கொடுக்காவிட்டால் அவர்களே நாலு தயாரித்துக்கொள்வார்கள். அந்த வருஷத்து மலரில் 'கடலைக் கண்டு ஓடிய மாலுமி' என்று ஒரு கட்டுரை எழுதினேன். ஹௌரா போகிற லாஞ்சுப் படகில் ஏறின ஐந்தாவது நிமிஷம் என் மகன் வாந்தி எடுத்தான், கங்கையிலேயே இப்படி என்றால் கடலில் எப்படி என்று அவனே கப்பலுக்கு முழுக்குப் போட்டுவிட்டான் என்று. உனக்கு லாஞ்சில் தலைகூடச் சுற்றியதில்லை. பொங்கல் விழாவில் அதை நானே மேடையில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அரங்கம் அதிர்ந்தது. சாப்பாட்டு வரிசையில் இலைக்காக நீ நின்றபோது, எவனோ ஒருவன் உன் முதுகுக்குப் பின்னால் 'உவ்வே' என்று சத்தம் கொடுத்தான். மொத்த வரிசையும் சிரித்தது. நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ சங்கத்துக்கு வரவேயில்லை. 'பையன் வங்காளியா மாறிட்டான்' என்று அதையும் நான் ஜோக்காக்கினேன். இந்த மலரைப் படிக்கிறவர்களில் அன்றைக்குச் சிரித்தவர்கள் பாதிப் பேராவது இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அந்தக் கட்டுரை பொய். அவன் கடலைப் பார்த்து ஓடவில்லை. என்னால் கடலுக்குப் போக முடியாமல் போனவன்.

இப்போது நீ பூனாவில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று கணினியில் புள்ளி புள்ளியாகப் பார்த்துச் சொல்கிறாய். நல்ல வேலை, நல்ல சம்பளம் என்று அம்மா சொல்வாள். நானும் தலையாட்டுவேன்.

போன வருஷம் நீ லீவில் வந்திருந்தபோது எனக்குக் கண்புரை என்று டாலிகஞ்சில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாயே, அன்றைக்குத்தான் குட்டு உடைந்தது. 'வலது கண்ணில் ஆபரேஷன் செய்தால் நன்றாகத் தெரியும். இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம், அதில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்குமே' என்றார் அவர், சர்வசாதாரணமாக. 'அப்படியா டாக்டர்!' என்று வாயைப் பிளந்தேன். சங்க நாடகங்களில் முப்பது வருஷம் நடித்தவன், அன்றைக்கு மட்டும் நடிப்பு எடுபடவில்லை. மெட்ரோவில் நீ பக்கத்தில் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றாய்.

'உங்களுக்குத் தெரியும், இல்லப்பா?'

நான் அப்போதாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். மூன்று எழுத்து. நான் சொன்னது இது: 'உனக்கு ஒரு கண்ணு, எனக்கு ஒரு கண்ணு. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆளு ஆயிருவோம்லா!'

எதிர் சீட்டில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் உன் முகத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள். 'கண்ணு போனதுகூடப் பரவால்லப்பா. எல்லாத்தையும் ஜோக்கா ஆக்கிருதீங்களே, அதுதான் தாங்கல' என்றாய். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டாய். நம் ஸ்டேஷனுக்கு இன்னும் தூரம் இருந்தது. நீ நடந்து வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. அம்மா உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள். அன்றைக்கு நான் சொல்லித்தான் அவளுக்கும் துண்டின் முழுக்கதை தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேச்சுக் குறைவு. நான் சிரிக்க வைக்கப் பார்த்தால் எழுந்து போய்விடுகிறாள். இத்தனை வருஷம் கழித்து எனக்கு இருந்த ஒரே ரசிகையும் இல்லாமல் போய்விட்டாள்.

இனி மிமி. போன மாதம் வங்காளி மருமகள் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். 'பாபா, தேகுன், பாருங்க, உங்க பேத்தி கண் டெஸ்ட்டில் ஃபுல் மார்க்!' என்று எழுதி. அம்மா நச்சரித்ததால், நீ போனில் ஏதோ கண் பரிசோதனைச் செயலியை இறக்கி வீட்டிலேயே பார்த்தாயாமே. வீடு, ஆப்பிள், குடை, நட்சத்திரம் என்று படம் பெரிதிலிருந்து சிறிதாக வருகிறது. மிமி சோபாவில் நின்றுகொண்டு குட்டி விரல்களால் கண்ணைப் பொத்தியிருக்கிறாள், விரல் இடுக்கில் ஒரு பேருந்தே போகலாம். வீடு என்கிறாள், ஆப்பிள் என்கிறாள். நீ 'வெரி குட்' என்கிறாய். நான் அந்த வீடியோவைப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன். நீயும் ஒரு தடவை நிதானமாகப் பார். இரண்டாவது கண்ணுக்கு வரும்போது, ஆப்பிள் மறைந்து திரை வெள்ளையாக இருக்கிறது. அடுத்த படம் இன்னும் வரவில்லை. அப்போதே உன் மகள் 'குடை!' என்று கத்துகிறாள். அதற்குப் பிறகுதான் குடை வருகிறது. பின்னாலிருந்து நீ சிரிக்கிறாய். என் சிரிப்பு மாதிரியே இருக்கிறது.

அடுத்த ஞாயிறு வீடியோ காலில் அவளோடு விளையாடினேன். போனை மேஜையில் சாய்த்து வைக்கச் சொல்லி, தள்ளிப் போகச் சொல்லி, மருமகளை உள்ளங்கையால் அவள் கண்ணை மூடச் சொல்லி, தாத்தா எத்தனை விரல் காட்டுகிறேன் என்று கேட்டேன். வலது கண்ணை மூடினால் மூன்று, இரண்டு, ஐந்து என்று கணக்குப்பிள்ளை மாதிரி சொன்னாள். இடது கண்ணை மூடியதும் தன் அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி மூடினால் சிணுங்கினாள். மூன்றாவது தடவை, 'தாத்தா, ஃபோன் காராப்!' என்றாள். போன் கெட்டுப் போய்விட்டதாம். போன் நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'எனக்குத்தான் டெஸ்ட் பண்ணீங்க. இப்ப அவளுக்கா? வேணாம்ப்பா. அவ புக்குல இருக்கிற எறும்பைக்கூடக் காட்டுறா. எல்லாம் நல்லாத் தெரியுது.' நல்லாத்தான் தெரியும், தம்பி, இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது. அம்மாவை விட்டுப் பேசச் சொன்னேன். 'அப்பா சொல்லச் சொன்னாரா?' என்று கேட்டாய், அவளுக்குப் பொய் சொல்ல வராது. என் வாயிலிருந்து வந்ததாலேயே அந்தச் செய்திக்கு மதிப்பில்லை. நியாயம்தான். பொய்யனின் வீடு பற்றி எரிந்தாலும் யாரும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓட மாட்டார்கள். ஆனால் இந்த வீட்டில் உள்ளே இருப்பது நான் இல்லை.

என் கண் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். வீட்டில் செய்கிற சோதனை சந்தேகப்படத்தான் உதவும், சந்தேகத்தைத் தீர்க்க உதவாது என்றார். குழந்தை பாஸ் செய்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பாஸ் செய்தாலும் காட்டுங்கள், அதுவும் அப்பாவுக்கே இருந்தால் கட்டாயம் காட்டுங்கள் என்றார். 'ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், வெறும் கண்ணாடியோடு முடியலாம், ஒட்டுப் போட வேண்டியும் வரலாம். பார்த்தால்தான் தெரியும்' என்றார். மூன்றரை வயதா, நாளைக்கே என்றார்.

உனக்கு என் பேச்சில் நம்பிக்கை வேண்டாம். நீயே பார். காலையில் நல்ல வெளிச்சத்தில், அவள் எதையாவது வைத்து விளையாடிக்கொண்டிருக்கும்போது, அவள் விரலை நம்பாதே, உன் உள்ளங்கையால், அழுத்தாமல், இடுக்கு இல்லாமல் இடது கண்ணை மூடு. அவள் அதுவரை பார்க்காத ஏதாவது ஒன்றைத் தூரத்தில் காட்டு. பிறகு வலது கண்ணை. எந்தக் கண்ணை மூடும்போது உன் கையைத் தட்டிவிடுகிறாள் என்று மட்டும் பார். குறும்பு என்று நினைத்துச் சிரித்துவிடாதே. நம் குடும்பத்தில் அந்தச் சிரிப்புதான் தொத்து வியாதி. அவள் தட்டிவிட்டாலும், விடாவிட்டாலும், குழந்தைகளுக்குப் பார்க்கிற கண் டாக்டரிடம் கூட்டிப் போ. அங்கே குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்பார்கள். உனக்கு இருக்கிறது என்று சொல். உன் அப்பாவுக்கும் இருக்கிறது, அவன் அதை மறைத்தான் என்றும் சொல். அது மருத்துவத்துக்குத் தேவையான தகவல்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தில் நான் எங்கும் கேட்கவில்லை, கவனித்திருப்பாய். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. என் மேல் உள்ள கோபத்தை ஆயுசுக்கும் வைத்துக்கொள், அதற்கு வயது வரம்பு கிடையாது. அவள் கண்ணுக்கு உண்டு. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குப் போன் செய்ய வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். வீடியோ காலில் எனக்கே தெரிந்துவிடும். ஒரு கண்ணில் ஒட்டோடு மிமி வந்து நின்றால், சத்தியமாக ஒரு ஜோக்கும் அடிக்க மாட்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். ஒட்டும் இல்லாமல், கண்ணாடியும் இல்லாமல், இரண்டு கண்ணும் பளிச்சென்று வந்து நின்றால், கிழவனுக்கு இல்லாத கோளாறெல்லாம் தெரிகிறது என்று ஊரைக் கூட்டிச் சிரி. என் கண் சரியாக இருக்கிறது என்று பொய் சொல்லியே காலம் தள்ளியவன் நான். இந்த ஒரு தடவை அது தப்பாகப் பார்த்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா